பார்சல் கைமாறும் நொடி

இணையத்தில் சிறிய அளவில் பொருள் விற்பவர்கள் பார்சல் சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கட்டணத்தைப் பார்க்கிறார்கள், அடுத்து வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வார்களா என்று பார்க்கிறார்கள், பிறகு எத்தனை நாளில் போய்ச் சேரும் என்று விசாரிக்கிறார்கள். மூன்றும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் இந்தத் தொழிலில் சில ஆண்டுகள் உழன்ற பிறகு, இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: பார்சல் என் கையை விட்டு அவர்கள் கைக்குப் போன நொடிக்கு என்னிடம் என்ன சான்று இருக்கிறது? விளம்பரங்களில் வசதி என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி, வரிசையில் நிற்கும் நேரத்தை மிச்சப்படுத்துவதைப் பற்றியதே. வரிசையில் நிற்பது அலுப்பான வேலை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த வரிசையின் முடிவில் ஒரு ரசீது கிடைத்தது. வரிசையை ஒழிக்கும் சேவை அந்த ரசீதுக்கு ஈடாக எதைத் தருகிறது என்பதைப் பொறுத்தே நான் அதை வசதியானது என்றோ வசதியற்றது என்றோ சொல்வேன்.

அஞ்சலகக் கவுண்டரில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். ஊழியர் பெட்டியைத் தராசில் வைக்கிறார்; எடை திரையில் தெரிகிறது; பெட்டி பெரிதாக இருந்தால் நீள அகலத்தையும் அளக்கிறார்; லேபிளை ஒட்டிப் பார்கோடை ஸ்கேன் செய்கிறார்; தேதியும் நேரமும் எடையும் அச்சான ரசீதை நீட்டுகிறார். பொருள் ஒப்படைக்கப்பட்டதற்கான பதிவு, இரு தரப்பும் கண்ணால் பார்த்த எடை, செலுத்தி முடித்த கட்டணம் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில், சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகின்றன. விற்பவர் வெளியே வரும்போது அவருக்கும் அந்தப் பெட்டிக்கும் இருந்த பொறுப்பு எங்கே நின்றது என்பதில் குழப்பம் இருப்பதில்லை.

வீட்டுக்கு வந்து எடுக்கும் சேவையில் இந்த மூன்றும் வெவ்வேறு இடங்களுக்கும் நேரங்களுக்கும் சிதறிப்போகின்றன. லேபிளை நானே முந்தின இரவில் அச்சிடுகிறேன். எடையையும் என் வீட்டுத் தராசில் நானே பார்த்துத் தளத்தில் பதிகிறேன். பிக்அப் ஊழியர் வந்து பெட்டிகளைச் சாக்கில் அள்ளிப் போட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்கு விரைகிறார். பெட்டிகள் தனித்தனியாக முதன்முதலில் ஸ்கேன் ஆவது பல நேரங்களில் அன்று இரவு வரிசைப்படுத்தும் மையத்தில்தான். எடையும் அளவும் நிறுவனத்தின் கருவியில் பதிவாவதும் அங்கேதான். அதுவரை டிராக்கிங் பக்கத்தில் 'லேபிள் உருவாக்கப்பட்டது' என்ற ஒரே வரிதான் நிற்கும். அந்த வரிக்கு நான் லேபிள் அச்சிட்டேன் என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது. பெட்டி ஒன்று உண்மையில் இருந்ததா, அதை யாரேனும் வாங்கிக்கொண்டார்களா என்பதற்கு அது சான்றாகாது.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. நிறைய பார்சல் அனுப்புபவர்களுக்குச் சில நிறுவனங்கள் மானிஃபெஸ்ட் எனப்படும் மொத்தப் பட்டியலைத் தருகின்றன. அன்றைய எல்லாப் பார்சல்களின் எண்களும் அதில் இருக்கும். தலைப்பில் ஒரு பார்கோடு இருக்கும். ஊழியர் அந்த ஒன்றை மட்டும் ஸ்கேன் செய்தால் போதும், பட்டியலில் உள்ள அத்தனையும் எடுத்துக்கொள்ளப்பட்டதாகத் திரையில் காட்டும். பார்ப்பதற்கு மிக நேர்த்தியான ஏற்பாடு. விற்பனை மும்முரமாக இருந்த ஒரு வாரத்தில், இப்படி எடுத்துச் செல்லப்பட்ட பெட்டிகளில் ஒன்று மட்டும் மையத்தில் ஸ்கேன் ஆகவே இல்லை. நிறுவனத்துக்கு எழுதியபோது, மொத்தப் பட்டியலின் ஸ்கேன் என்பது அனுப்புநர் சொன்ன எண்ணிக்கையை ஏற்றுக்கொண்டதற்கான குறிப்பே தவிர ஒவ்வொரு பெட்டியையும் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல் அன்று என்று பதில் வந்தது. ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். காப்பீடு கேட்க வழியில்லை, ஏனெனில் காப்பீடு தொடங்கும் நொடியே நிறுவனம் பெட்டியைப் பெற்றுக்கொண்ட நொடிதான்.

அதற்குப் பிறகு பிக்அப் ஊழியரிடம் ஒவ்வொரு பெட்டியையும் தனியாக ஸ்கேன் செய்யுங்கள் என்று கேட்பதில் எனக்குக் கூச்சம் இல்லை. பெட்டிகள் குறைவாக இருக்கும் நாளில் அவர்களும் மறுப்பதில்லை. அதிகமாக இருந்தால், பட்டியலின் நகலில் எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன்; பெட்டிகள் லேபிள் தெரியும்படி அடுக்கியிருப்பதை ஒரு படம் எடுத்து வைக்கிறேன். சட்டப்படி இது எவ்வளவு தூரம் நிற்கும் என்பது வேறு விஷயம். வாடிக்கையாளர் சேவையில் பேசும்போது இது தரும் பலம் தனி.

தாமே கொண்டுபோய்க் கொடுக்கும் சேவைகளை மக்கள் இரண்டாம் தரமாக நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் சிறு விற்பனையாளருக்கு உண்மையில் பொருந்துவது அதுதான். பிக்அப் என்றால் காலையிலிருந்து மாலைவரை எந்த நேரத்திலும் வரலாம் என்பார்கள். அந்த நாள் முழுவதும் வீட்டை விட்டு நகர முடியாது. பக்கத்துக் கடையில் இயங்கும் பார்சல் முகவரிடம் கொடுத்தால் அங்கேயே ஸ்கேன் ஆகி ரசீது வருகிறது. நம் வேலையின் போக்குக்கு ஏற்ற நேரத்தில் போய் வரலாம். தானியங்கிப் பார்சல் பெட்டகங்கள் இதை இன்னும் ஒரு படி முன்னே கொண்டுபோயின. ஜெர்மனியில் பேக்ஸ்டேஷன் என்ற பெயரில் 2000-களின் தொடக்கத்திலேயே இவை வந்துவிட்டன. போலந்தில் இன்போஸ்ட் நிறுவனம் 2009-இல் தொடங்கிய பெட்டகங்கள் அந்த நாட்டின் இணைய வணிகத்தையே மாற்றியமைத்தன. குறியீட்டைக் காட்டினால் ஓர் அறையின் கதவு திறக்கிறது, பெட்டியை வைத்து மூடினால் பதிவாகிவிடுகிறது. நள்ளிரவானாலும் கவலையில்லை. இன்போஸ்ட் பெட்டகத்தில் எனக்குப் பிடித்த அம்சம், அறையின் அளவுகள் முன்கூட்டியே தெரிந்திருப்பது: எல்லா அறைகளும் 38 செ.மீ. அகலமும் 64 செ.மீ. நீளமும் கொண்டவை, உயரம் மட்டும் 8, 19, 41 செ.மீ. என்று மூன்று வகை. கட்டணம் அறையின் அளவுக்கு. பெட்டி அதற்குள் நுழைந்துவிட்டால் பின்னால் அளவைக் காட்டிக் கூடுதலாகக் கேட்பதற்கு இடமில்லை.

கூடுதலாகக் கேட்பது என்றதும் எடைக் கணக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் சிறு விற்பனையாளரின் இலாபம் சத்தமில்லாமல் கரைவது இங்கேதான். கூரியர் நிறுவனங்கள் தராசு காட்டும் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ. கணக்கில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுக்கிறார்கள்; வருவது கன அளவு எடை. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். வண்டியும் விமானமும் எடையால் நிறைவதற்கு முன் இடத்தால் நிறைந்துவிடுகின்றன என்பதால் இந்த முறையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் விளைவைக் கண்ணால் பார்க்க வேண்டும். 900 கிராம் எடையுள்ள பஞ்சு பொம்மையை 40, 30, 20 செ.மீ. கொண்ட பெட்டியில் வைத்தால் கன அளவு 24,000. 5000-ஆல் வகுத்தால் 4.8 கிலோ. அதை அடுத்த அரைக் கிலோவுக்கு உயர்த்திக் கணக்கிடுவதால் 5 கிலோவுக்குப் பணம் கட்டுகிறோம். அதே பொம்மையைச் சற்றே அழுத்தி 35, 25, 15 செ.மீ. பெட்டியில் அடக்கினால் 2.625 கிலோ, 3 கிலோவாகக் கணக்கிடப்படும். ஒவ்வொரு பக்கத்திலும் 5 செ.மீ.தான் குறைத்தோம்.

இதைவிட நுட்பமான ஓட்டை ஒன்று உண்டு. மையத்தில் உள்ள கருவி பெட்டியின் மிகவும் துருத்திய புள்ளியைத்தான் அளக்கும். முதலில் சொன்ன பெட்டியை அளவுக்கு மீறி அடைத்ததால் மூடி 2 செ.மீ. உப்பியிருந்தால் உயரம் 20 அன்று, 22. கணக்கு 5.28 கிலோவுக்கு ஏறி, 5.5 கிலோவுக்குக் கட்டணம் வசூலிப்பார்கள். சில நாள் கழித்து 'எடைத் திருத்தம்' என்ற பெயரில் நம் கணக்கிலிருந்து பணம் கழியும். எந்தப் பார்சலுக்கு என்பதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் மாதம் முடிந்துவிடும். ஆகவே அளவு நாடாவைப் பெட்டியோடு ஒட்டி வைத்து, தராசின் எண்ணும் லேபிளும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்துவைப்பது வீண்வேலை அன்று. எடைத் திருத்தத்தை எதிர்த்து முறையிடும்போது கேட்கப்படுவதும் இந்தப் படம்தான். பெட்டியின் அளவுகளை நாலைந்தோடு நிறுத்திக்கொள்வதும் பயன் தரும். கைக்குக் கிடைத்த பெட்டியிலெல்லாம் அனுப்புபவர்களால் இந்தக் கணக்கை ஒருபோதும் பிடிக்க முடியாது.

சிறு விற்பனையாளர் எடைக்கும் அளவுக்கும் பயப்படுவது புதிதன்று. அமெரிக்காவில் 1913 ஜனவரி 1 வரை அஞ்சல் துறை 4 பவுண்டுக்கு மேற்பட்ட உள்நாட்டுப் பொட்டலங்களை ஏற்கவே இல்லை. அதற்கு மேற்பட்டதெல்லாம் தனியார் எக்ஸ்பிரஸ் நிறுவனங்களின் பிடியில் இருந்தது, அவர்கள் எட்டாத கிராமத்தவர் தாமே ஊருக்கு வந்து எடுத்துச் செல்ல வேண்டும். அரசே பார்சல் அஞ்சலைத் தொடங்கியபோது 11 பவுண்டு வரம்பு வைத்தார்கள், விரைவிலேயே அதை உயர்த்தினார்கள். கட்டண அட்டவணையில் ஓட்டை இருந்தால் வணிகர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு 1916-இல் யூட்டா மாநிலத்தின் வெர்னல் ஊரில் நடந்ததை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அங்கே ஒரு வங்கிக் கட்டடத்துக்கான செங்கற்களைச் சரக்கு வண்டியில் கொண்டுவருவதைவிட 50 பவுண்டு பொட்டலங்களாக அஞ்சலில் அனுப்புவது மலிவாக இருந்ததால் அப்படியே அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு ஒருவர் ஒருவருக்கு ஒரு நாளில் 200 பவுண்டுக்கு மேல் அனுப்பக் கூடாது என்று விதி வந்தது. வங்கிக் கட்டடம் எழுந்துவிட்டது.

லேபிளுக்கு வருவோம். டிராக்கிங் எண் என்பது வெறும் அடையாளம் மட்டும் அன்று, தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் எண் அது. 1874-இல் பெர்ன் நகரில் பிறந்து இன்றும் அங்கிருந்தே இயங்கும் உலக அஞ்சல் ஒன்றியத்தின் தரப்படி, பன்னாட்டு அஞ்சல் எண்ணில் தொடக்கத்தில் இரண்டு எழுத்துகள், நடுவில் ஒன்பது இலக்கங்கள், முடிவில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் என மொத்தம் 13 இடங்கள் உண்டு. ஒன்பதாவது இலக்கம் சோதனை இலக்கம். முதல் எட்டு இலக்கங்களை முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகிய எண்களால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்து, மீதியை 11-இலிருந்து கழித்தால் அது கிடைக்கும். 12345678 என்றால் கூட்டுத்தொகை 204, மீதி 6, சோதனை இலக்கம் 5. விடை 10 வந்தால் 0 என்றும் 11 வந்தால் 5 என்றும் கொள்வது வழக்கம். வாங்கியவர் எண்ணில் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றித் தட்டிவிட்டு 'உங்கள் எண் வேலை செய்யவில்லை' என்று கோபமாக எழுதும்போது, தவறு எங்கே என்பதைப் பெட்டியைத் தேடாமலேயே இதை வைத்துச் சொல்லிவிட முடியும்.

ஆனால் எண் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் பார்கோடு படிக்கப்படாவிட்டால் பயனில்லை. பெட்டியின் விளிம்பில் மடித்து ஒட்டிய லேபிள், மேலே பளபளக்கும் டேப் ஒட்டிய பார்கோடு, மறுபயன்பாட்டுப் பெட்டியில் மறைக்காமல் விட்ட பழைய பார்கோடு ஆகிய மூன்றும் பார்சலை வழக்கமான பாதையிலிருந்து பிரித்து, கையால் பார்க்க வேண்டிய குவியலுக்கு அனுப்பிவிடும். அந்தக் குவியலில் சேர்ந்த பெட்டி எப்போது வெளியே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. தெர்மல் பிரிண்டரில் மை கிடையாது, தாளே வெப்பத்தால் கறுக்கிறது. ஆகவே வெயிலும் உரசலும் சிலவகைப் பசைகளும் எழுத்தை மங்கச் செய்யும். இதனால்தான் பெட்டிக்குள்ளும் பெறுநர், அனுப்புநர் முகவரிகளை எழுதிய சீட்டு ஒன்றை வைக்கச் சொல்கிறார்கள். வெளி லேபிள் கிழிந்துபோன பார்சலை அஞ்சல் துறையினர் திறந்து பார்க்கும்போது, அந்தச் சீட்டு இருந்தால் அது தொடர்ந்து பயணிக்கும்; இல்லாவிட்டால் உரியவரில்லாப் பொருள்களோடு சேர்ந்துவிடும்.

பல கூரியர்களின் கட்டணத்தை ஒரே திரையில் காட்டி லேபிள் தரும் இடைநிலைத் தளங்களைப் பற்றி எனக்கு இரட்டை மனம்தான். தனியாளாகக் கேட்டால் கிடைக்காத தள்ளுபடி அவர்களிடம் கிடைக்கிறது, கடைத் தளத்திலிருந்து முகவரி தானாகவே லேபிளுக்கு வந்துவிடுவதால் எழுத்துப் பிழையும் குறைகிறது. சிக்கல் வந்தால் மட்டும் நிலைமை வேறு. என்னோடு ஒப்பந்தம் செய்திருப்பது தளம். பெட்டியை வைத்திருப்பது கூரியர். கூரியரைக் கேட்டால் தளத்தின் வழியாகவே வாருங்கள் என்பார்கள், தளத்தைக் கேட்டால் கூரியருக்கு எழுதியிருக்கிறோம் என்பார்கள். விலையுயர்ந்த பொருளுக்கு நான் இந்த வழியை நாடுவதில்லை.

பொருளைக் கொடுத்துவிட்டுப் பணம் வாங்கிக்கொள்ளும் முறையும் பழையதுதான். இந்திய அஞ்சல் துறை வி.பி.பி. எனப்படும் இந்த முறையை 1877-லேயே கொண்டுவந்துவிட்டது. அறிமுகமில்லாத விற்பனையாளரை நம்பத் தயங்குபவரிடமிருந்து ஆர்டர் பெற இதைப் போன்ற வழி வேறில்லை. ஆனால் முன்பணம் கொடுக்காதவருக்குக் கதவைத் திறக்காமல் இருப்பதில் எந்த நட்டமும் கிடையாது. பார்சல் திரும்பி வந்தால் போன கட்டணமும் வந்த கட்டணமும் விற்பவர் தலையில். போதாக்குறைக்கு, விற்றுப்போன பொருளின் பணமும் கூரியரின் கையில் சில நாள் தங்கிய பிறகே நமக்கு வருகிறது. இந்த வசதியைத் தரும் சேவையை மதிப்பிடுவதற்கு நான் பார்ப்பது கட்டண விகிதத்தை அன்று: பெறுநர் வீட்டில் இல்லை என்று பதியும் முன் ஊழியர் அவரை அழைத்தாரா, அந்த அழைப்பு பதிவில் இருக்கிறதா, மறுமுயற்சி எப்போது என்பதை நான் தீர்மானிக்க முடியுமா என்பவற்றையே. 'முகவரி பூட்டியிருந்தது' என்று நாள் முழுவதும் வீட்டில் இருந்தவரைப் பற்றி எழுதப்பட்ட குறிப்புகளைப் பார்க்காத விற்பனையாளர் இருக்க மாட்டார்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் பொறுப்பு கைமாறும் இடம் ஒன்றுக்குப் பலவாகிறது. நடுவில் சுங்கம் நிற்கிறது. அஞ்சல் வழியில் 300 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு) மதிப்பு வரை சி.என். 22 என்ற சுங்கப் படிவமும் அதற்கு மேல் சி.என். 23 படிவமும் வேண்டும். அவற்றில் 'துணி' என்று எழுதினால் போதாது. 'பருத்தியில் நெய்த பெண்கள் சட்டை' என்று எழுத வேண்டும். விற்ற பொருளைப் 'பரிசு' என்று குறிப்பது பொய். வாங்குபவர் கேட்டுக்கொண்டாலும் எழுதியவர் பெயர்தான் படிவத்தில் இருக்கும். 2021 தொடங்கி இந்த விவரங்களைப் பொருள் போய்ச் சேருமுன்பே மின்னணு முறையில் அனுப்பியாக வேண்டும் என்பதால், கையால் எழுதி ஒட்டிய காலம் முடிந்துவிட்டது. விதிகள் ஒரே இரவில் மாறவும் கூடும். 800 டாலர் வரையிலான பொருள்களுக்கு இருந்த வரிவிலக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்திவைத்தபோது, வரியை யார் வசூலித்து எப்படிச் செலுத்துவது என்பது தெளிவாகாததால் பல நாடுகளின் அஞ்சல் துறைகள் அங்கே பொருள் அனுப்புவதையே தற்காலிகமாக நிறுத்தின. அந்த வாரங்களில் கூரியருக்கு மாற முடிந்தவர்கள் பிழைத்தார்கள். ஒரே சேவையை நம்பியிருந்தவர்கள் ஆர்டர்களை ரத்து செய்தார்கள்.

காணாமல் போன பன்னாட்டு அஞ்சலைப் பற்றி விசாரணை கேட்க ஆறு மாத அவகாசம் உண்டு, அனுப்பிய மறுநாளிலிருந்து. தனியார் கூரியர்களில் இது வெகுவாகக் குறைவு. உடைந்த பொருளுக்குச் சில நாள்களே தருவார்கள், பெட்டியையும் உள்ளே வைத்த குமிழ் உறையையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்வார்கள். பேக்கிங் போதவில்லை என்ற காரணத்தால் இழப்பீடு மறுக்கப்படுவது மிகச் சாதாரணம். ஆகவே பொருளுக்கும் பெட்டியின் சுவருக்கும் நடுவே எல்லாப் பக்கமும் சில செ.மீ. இடைவெளியை ஏதேனும் ஒன்றால் நிரப்ப வேண்டும் என்பதை, உடையாத பொருளுக்குக்கூட நான் விட்டுக்கொடுப்பதில்லை.

புதிய சேவை ஒன்றுக்கு மாறலாமா என்று யோசிக்கும்போது அவர்களுடைய விற்பனைப் பிரதிநிதியிடம் பேசுவதைவிட, விலை குறைந்த பொருள்களை வெவ்வேறு திசைகளில் உள்ள அறிமுகமானவர்களுக்கு அனுப்பிப் பார்ப்பதே நல்லது. கொடுத்த நேரத்துக்கும் முதல் ஸ்கேனுக்கும் இடையே எவ்வளவு நேரம் கழிந்தது, நான் பதிந்த எடையும் அவர்கள் பதிந்த எடையும் ஒத்துப்போகின்றனவா, பெட்டி எந்த நிலையில் போய்ச் சேர்ந்தது என்பவற்றைக் குறித்துக்கொள்வேன். அவற்றில் ஒன்றை வேண்டுமென்றே திருப்பி அனுப்பச் சொல்வதும் உண்டு. போகும் வழியை எல்லா நிறுவனங்களும் மெருகேற்றி வைத்திருக்கின்றன. திரும்பி வரும் வழியில்தான் ஸ்கேன்களுக்கு இடையே நாள்கணக்கில் இடைவெளி விழுகிறது. கூடவே, பார்சல் பாதி வழியில் இருக்கும்போது வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு கேள்வி எழுதி, மனிதர் ஒருவர் படித்துப் பதில் எழுதுகிறாரா, டிராக்கிங் பக்கத்தில் நானே பார்த்த வரியை அப்படியே வெட்டி ஒட்டி அனுப்புகிறாரா என்றும் பார்த்துவிடுகிறேன்.